பழங்காநத்தத்து மாவு மில்லும் எங்கள் வீட்டுக் குட்டு ரொட்டியும்

அரைத்து வந்த மாவுப் பைக்குள் புறங்கையை நுழைத்துப் பார்ப்பது என் அம்மாவின் வழக்கம். டி.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் குதிரைவாலியையும் கம்பையும் உரலில் குத்தி, திருகையில் திரித்துப் பழகிய கை அது. ஊருக்கு முதல் மில் வந்தபோது வேலை மிச்சம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அம்மா மட்டும் பையைத் தொட்டுவிட்டு, "மாவு வெந்து வந்திருக்கிறது" என்பாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தப் புறங்கை எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது எனக்கு விளங்கியது. விளங்க வைத்தது பழங்காநத்தத்தில் இருக்கும் ஒரு சின்ன மாவு மில். அந்த மில்லைப் பற்றியும், அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பு குட்டு என்ற வடநாட்டுத் தவசத்துக்காக நான் காசு கொடுத்து வாங்கிய மூன்று பாக்கெட்டுகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் பேத்திக்கு எட்டு வயது. மகன் டேராடூனில் வேலை பார்த்தபோது பிறந்தவள். மருமகள் குமாவுன் மலைப் பக்கத்துப் பெண். சென்ற ஆண்டு மாற்றலாகி மதுரைக்கு வந்தார்கள். அதற்கு முன்பே பேத்திக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகியிருந்தது. கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சத்தை உறிஞ்ச வேண்டிய சிறுகுடலின் உட்சுவர் சிதைந்துபோகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மைதா, ரவை, சேமியா மட்டுமல்ல, கூட்டுப் பெருங்காயத்தில் சேர்க்கிற கோதுமை மாவுகூட ஆகாது. ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்து, உதடு வெளுத்துப்போய் ரயிலில் இருந்து இறங்கிய குழந்தையைப் பார்த்த அன்றே மனத்தில் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். இவள் வாய்க்குள் போகிற ஒரு கவளம்கூட வெறும் கவளமாக இருக்கக் கூடாது.

இட்லியும் தோசையும் விளைகிற ஊரில் இந்தக் குழந்தைக்கு என்ன குறை என்று பலர் கேட்டார்கள். ரொட்டி தின்று வளர்ந்த பிள்ளைக்கு ரொட்டிதான் வேண்டும். "அப்பத்தா, ரொட்டி" என்று தட்டின் முன் உட்கார்ந்து கேட்கும்போது, சாமை இருக்கிறது வரகு இருக்கிறது என்று பாடம் நடத்த முடியாது. அப்போது மருமகள்தான், "அத்தை, எங்கள் ஊர்க் குட்டு இருக்கிறதே" என்று நினைவூட்டினாள். வடக்கே நவராத்திரி விரதத்தில் தானியம் எதுவும் தொடாதவர்கள் இந்தக் குட்டு மாவில் பூரியும் பக்கோடாவும் செய்து சாப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் பக்வீட். பெயரின் வாலில் கோதுமை ஒட்டிக்கொண்டிருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது புல் இனமே அல்ல, நம் சுக்காங்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. முக்கோண வடிவில், கறுத்த தோலோடு, சின்னஞ்சிறு பிரமிடு போல இருக்கும் அதன் விதை. குளூட்டன் கிடையாது. நூறு கிராம் முழுத் தவசத்தில் ஏறத்தாழ 13 கிராம் புரதம், 230 மில்லிகிராம் மக்னீசியம், 10 கிராம் நார்ச்சத்து. அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலம் இதில் நன்றாகவே இருக்கிறது. இரும்பு மட்டும் 2.2 மில்லிகிராம்தான். கம்பில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. ஆகவே இரும்புக்காக யாரும் குட்டைத் தேட வேண்டாம். நான் தேடியது ரொட்டிக்காகவும் புரதத்துக்காகவும்.

முதல் பாக்கெட்டைக் கீழமாசி வீதியில் வடநாட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். வெள்ளை வெளேர் என்று, மைதா போல, விரலிடுக்கில் வழுக்குகிற மாவு. ரொட்டி அழகாக வந்தது. ஆனால் வாசனையும் ருசியும் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். நூறு கிராமில் புரதம் 6 கிராம் என்று அச்சிட்டிருந்தது. முழுத் தவசத்தில் இருப்பதில் பாதி. கீழே "உயர்தரமாகச் சலித்தது" என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். குழந்தைக்காக வாங்கியதில் பாதி சத்தை எடுத்துவிட்டு, எடுத்ததையே தரம் என்று எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு வருத்தம் பொங்கியது.

பாதி எங்கே போயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. மருமகளின் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய தோலோடு கூடிய விதையில் நாலைந்தை ஊறவைத்து, பிளேடால் குறுக்கே வெட்டி, பேத்தியின் கையில் கைலென்ஸைக் கொடுத்தேன். "அப்பத்தா, உள்ளே பாம்பு படுத்திருக்கிறது" என்றாள். அவள் பார்த்தது சரி. கோதுமையில் முளை ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். குட்டு விதையிலோ முளையிலைகள் இரண்டும், வெள்ளை மாவுப் பகுதிக்கு நடுவே, இளம்பச்சை நிறத்தில் நெளிந்து மடிந்து கிடக்கின்றன. புரதம், எண்ணெய், தாது உப்புகள், பி வைட்டமின்கள், ரூட்டின் என்ற நிறமிச்சத்து எல்லாம் பெரும்பாலும் அந்த நெளிவிலும், அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய விதைத்தோலிலும்தான் இருக்கின்றன. வெள்ளைப் பகுதி ஏறத்தாழ வெறும் மாச்சத்து. அரைக்கும்போது வெள்ளைப் பகுதி பொலபொலவென்று தூளாகிச் சல்லடையில் முதலில் இறங்குகிறது. முளையிலையும் தோலும் நார் போலச் சவ்வாகி மேலே தங்கிவிடுகின்றன. மேலே தங்கிய அந்தத் தவிட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை புரதம். அதைத் தனியே ஒதுக்கிவிட்டு, கீழே இறங்கியதைப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். ஜப்பானில் குட்டு மாவில் செய்கிற சோபா என்ற நூடுல்ஸுக்கும் இப்படி நடுப்பகுதி வெள்ளை மாவை மட்டும் எடுப்பதுண்டு. சரஷினா என்று அதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. ருசிக்காக எடுப்பது ஒன்று. சத்துக்காக வாங்குகிறவளுக்கு அது உதவாது.

இரண்டாவது பாக்கெட் இணையத்தில் வரவழைத்தது. "வறுத்து அரைத்தது" என்று போட்டிருந்தது. காபிக்கொட்டை வறுத்தது போன்ற கருகல் மணம், பழுப்பு நிறம். வறுப்பதைக் குறை சொல்லவில்லை. ருஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் தோல் நீக்கி வறுத்த குட்டு விதையை, அதாவது குட்டு அரிசியைத்தான் காலம் காலமாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். வறுத்தால் எண்ணெயைக் கெடுக்கிற நொதி அடங்கி, மாவு நெடுநாள் இருக்கும். இரும்பும் மக்னீசியமும் தாது உப்புகள், எந்த நெருப்பிலும் ஆவியாகிப் போய்விடா. ஆனால் தயமின் என்கிற பி1 வைட்டமின் சூட்டுக்குத் தாங்காது. பொன்னிறம் தாண்டிக் கரும்பழுப்பு ஆகும்வரை வறுத்தால் லைசின், மாச்சத்தின் சர்க்கரையோடு பிணைந்து உடம்புக்கு எட்டாமல் போகும். மணமும் நிறமும் ஏறுவதே அந்தப் பிணைப்பால்தான். ரூட்டினும் குறையும். எந்த லைசினுக்காகக் குட்டு சிறந்தது என்கிறோமோ, அதையே கருக்கிவிட்டால் மிச்சம் என்ன? நான் வாங்கிய பாக்கெட் அப்படிக் கருகியது.

மூன்றாவதைப் பற்றி நல்லது சொல்லலாம். தோல் நீக்கிய முழுக் குட்டு அரிசி, மாவு அல்ல. வறுக்காத, புதிய குட்டு அரிசி இளம்பச்சையாக இருக்கும். நாளாக ஆக அந்தப் பச்சை மங்கிச் செம்பழுப்பாகிவிடும். இந்தப் பாக்கெட்டில் முக்கால்வாசி பச்சை, கால்வாசி பழுப்பு. மோசமில்லை. ஆனால் கிலோ விலை நம் நல்ல பொன்னி அரிசி விலையைப் போலப் பல மடங்கு. மாதம் முழுவதும் அதையே வாங்கக் கட்டுப்படியாகாது. வாங்குகிறவர்கள் பையின் கண்ணாடிப் பகுதியில் பச்சையைத் தேடிப் பாருங்கள், அது ஒன்றே போதுமான அடையாளம்.

சம்பந்தி அம்மாள் ஊரிலிருந்து அனுப்புகிற தவசத்தை நாமே அரைத்துக்கொள்வோம் என்று முடிவானது. முதலில் வீட்டுக்கு அருகே இருக்கும் ஒரு மில்லில் கொடுத்தேன். வேகமான இரும்புத் தட்டு இயந்திரம், சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பையில் கைவிட்டதும் அம்மாவின் குரல் கேட்டது. சமையல் வெப்பமானியை நுழைத்துப் பார்த்தேன், 66 டிகிரி. மூன்றாம் நாள் மாவில் பழைய எண்ணெய் வாடை. அதைவிடப் பெரிய துன்பம், அன்று எங்களுக்கு முன்னால் அதே இயந்திரத்தில் கோதுமை அரைத்திருந்தது. நான் கேட்டதற்கு, "கழுவிவிட்டோம்" என்றார்கள். பேத்தி இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்த மில்லில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டுவதைத்தான் எந்த மில்லிலும் கழுவுவது என்கிறார்கள். மிளகாய்க் காரம் போக அது போதும். சீலியாக் குழந்தைக்கு அது போதாது. கேட்டுத் தெரிந்துகொள்ளாதது என் பிழை என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

அதன் பிறகுதான் பழங்காநத்தம். ரவுண்டானாவில் இருந்து டி.வி.எஸ். நகர்ப் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில், ஓட்டுக் கூரையும் வெள்ளை படிந்த சுவரும் கொண்ட மில். பெயர்ப் பலகை இல்லை. வாசலில் இருக்கும் வேப்பமரத்தின் இலைமேல்கூட மாவு படிந்திருப்பதுதான் அடையாளம். உள்ளே மூன்று இயந்திரங்கள். வாசலை ஒட்டியது மிளகாய், மல்லிக்கு. நடுவில் இருப்பது கோதுமைக்கு. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், தனி அறையில், கல் பூட்டிய பழைய இயந்திரம், அது அரிசிக்கும் சிறுதானியத்துக்கும் மட்டும். மில்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய தகப்பனார் வாடிப்பட்டியில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலை பார்த்தவர். குழந்தையின் நிலையைச் சொன்னதும், "டீச்சரம்மா, அந்த அறைக்குள் கோதுமை மூட்டையே நுழைந்ததில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை முதல் ஈடாக உங்களுடையதை அரைக்கிறேன். ஞாயிறு இரவு அறையைக் கூட்டித் துடைத்து, கதவைச் சாத்திவைப்பேன்" என்றார். பத்து மாதமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறார். மாவு விழுகிற வாயில் கட்டும் துணியைக்கூடக் குட்டுக்கென்று தனியாகத் தைத்து வைத்திருக்கிறார்.

இந்த மில்லின் சிறப்பு அந்தக் கல்லில் இருக்கிறது. கல் மழுங்கினால் தவசத்தை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடேறும். இவர் சரியான இடைவெளியில் கல்லைக் கழற்றி, சிற்றுளியால் கொத்திவிடுகிறார். அன்று போனால் அரைவை கிடையாது, முகம் முழுக்கக் கல்தூளோடு உட்கார்ந்திருப்பார். அறையின் சூடு 36 டிகிரி இருந்த ஒரு சித்திரை மாதக் காலையில், இவர் அரைத்த மாவு 43 டிகிரிதான் காட்டியது. புறங்கைக்கு இளஞ்சூடு. இந்த மாவு குளிர்பெட்டியில் இரண்டு வாரம் மணம் மாறாமல் இருக்கிறது. கம்பு மாவு நாலைந்து நாளில் கசந்துபோவதை நம் வீடுகளில் எல்லோரும் கண்டிருப்போம். உள்ளிருக்கும் எண்ணெயும் அதை உடைக்கும் நொதியும் அரைபட்டதும் கலந்துவிடுவதால் வருவது அந்தக் கசப்பு. குட்டு மாவுக்கும் அதே கதைதான், சூடு அதை விரைவுபடுத்தும்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூடான மாவைப் பற்றி அவள் கவலைப்பட்டது சரி, ஆனால் அது பாதிதான். அரைவைச் சூட்டால் கெடுவது முக்கியமாக எண்ணெயும் மணமும். புரதமும் தாது உப்பும் அந்தச் சூட்டில் எங்கும் போய்விடுவதில்லை. அவற்றைக் கொண்டுபோவது சல்லடை. முதல் பாக்கெட்டில் காணாமல் போன ஏழு கிராம் புரதத்தை எந்த நெருப்பும் தின்னவில்லை. அம்மாவின் காலத்தில் யாரும் மாவை அவ்வளவு நைசாகச் சலித்ததில்லை, அதனால் அவள் புறங்கைக்கு அது தெரிய வாய்ப்பில்லை. மில்காரரிடம் "சலிக்க வேண்டாம், தம்பி" என்று நான் சொன்னதும், "சலிக்கிறவர்களுக்குத்தான் நான் கூடுதல் கூலி வாங்குகிறேன், உங்களுக்குக் குறைவு" என்றார்.

தோல் நீக்குவதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அது ஒரு கலை. குட்டு விதை ஒரே அளவில் இருக்காது. கல் இடைவெளியைப் பெரிய விதைக்கு வைத்தால் சிறியது தோலோடு நழுவி விழும். சிறியதற்கு வைத்தால் பெரியது நொறுங்கிக் குருணையாகும். முதல் ஈட்டிலேயே இதைக் கண்டுகொண்டவர், இரண்டாவது முறை முழுத் தவசத்தையும் இரண்டு அளவுக் கண்ணுள்ள சல்லடைகளில் போட்டுப் பெரிது, சிறிது என்று பிரித்தார். பெரியதை முதலில் விட்டு, மேல்கல்லை அரைத் திருகு இறக்கி, பிறகு சிறியதை விட்டார். இறங்கி வரும்போது கறுத்த தோல் மூன்று இதழாகப் பிளந்து, உள்ளே இளம்பச்சைப் பருப்பு முனை உடையாமல் வந்தது. அவர் மனைவி அதை மின்விசிறிக்கு முன்னால் முறத்தில் தூற்ற, உமி கறுப்பு வண்டுக் கூட்டம் போல வாசல் வரை பறந்தது. ஐந்து கிலோ கொடுத்தால் மூன்றே முக்கால் கிலோ மாவு கையில் வருகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி உமிதான். அதில் சத்து தேட வேண்டாம், மரத்தூளைப் போன்ற நார் அது. ஜப்பானில் அதைத் தலையணையில் அடைக்கிறார்கள்.

நான் இந்த மில்லை மனதாரப் புகழ்வதற்கான காரணத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். கார்த்திகை மாதத்தில் சம்பந்தி அம்மாள் இன்னொரு வகைக் குட்டை அனுப்பினார். சற்றுச் சிறிய, வரி விழுந்த விதை. மலையின் உயரமான பகுதிகளில் விளைவது. டார்டரி பக்வீட் என்பார்கள், வீட்டில் நாங்கள் கசப்புக் குட்டு என்கிறோம். சாதாரணக் குட்டைவிடப் பல மடங்கு ரூட்டின் உள்ளது. இதை நானே மிக்ஸியில் உடைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். பத்து நிமிடத்தில் மாவு மஞ்சளாக மாறியது. ரொட்டியை வாயில் வைத்த பேத்தி, வேப்பங்கொழுந்தைக் கடித்தவள் போல முகத்தைச் சுளித்தாள். காரணம் இதுதான்: இந்த விதையில் ரூட்டினை உடைக்கும் வலுவான நொதி ஒன்று இருக்கிறது. விதை முழுதாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். அரைத்து நீர் விட்டதும் ரூட்டினைக் குவெர்செட்டின் என்ற பொருளாக மாற்றிவிடும். கசப்பு அந்த மாற்றத்தோடு எழுவது. எதற்காக இந்த வகையைத் தேடினோமோ, அந்த ரூட்டின் பிசைகிற பாத்திரத்திலேயே கரைந்துபோய்விட்டது.

மீதித் தவசத்தை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். மில்காரர் நாலு விதையை உள்ளங்கையில் வைத்து நகத்தால் நெருடினார். உமி அசையவில்லை. "இது இறுகப் பிடித்த தவசம், டீச்சரம்மா. பச்சையாக உடைத்தால் பருப்பு தூளாகிவிடும். நெல்லைப் போல அவித்து, நிழலில் காயவைத்துக் கொண்டு வாருங்கள். எங்கள் அப்பா எல்லா முரட்டு நெல்லையும் அப்படித்தான் வழிக்குக் கொண்டுவருவார்" என்றார். அவர் நொதியைப் பற்றிப் படித்தவர் அல்ல. உமி கழல வேண்டும் என்பது மட்டுமே அவர் கவலை. ஆனால் அந்த ஒரு வேலை இரண்டு பூட்டையும் திறந்தது. ஊறவைக்காமல், விரைவாக அலசி, இட்லிப் பானையில் துணி விரித்து இருபது நிமிடம் ஆவியில் வைத்தேன். மொட்டை மாடி நிழலில் இரண்டு நாள் காய்ந்தது. கல்லில் விட்டபோது உமி சுத்தமாகக் கழன்றது. அந்த மாவில் பிசைந்த ரொட்டியில் கசப்பு ஒரு நிழலாக மட்டும் இருந்தது. முழு விதையாக இருக்கும்போதே ஆவி நொதியை அடக்கிவிட்டதால், நீர் விட்ட பிறகு ரூட்டினைத் தொட ஆள் இல்லை. கசப்பு வகையைக் குட்டு விளைகிற நாடுகளிலும் இப்படி ஆவி காட்டித்தான் பதப்படுத்துகிறார்கள்.

வகுப்பில் ஆண்டுதோறும் நான் சொல்லிக்கொடுத்த பாடம் அன்று மில் வாசலில் நின்றபடி மறுபடி நினைவுக்கு வந்தது. ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதைக் கவனித்தார் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர். 1929இல் நோபல் பரிசு பெற்றார். தயமின் குறைவால் வரும் பெரிபெரி என்ற அந்த நோயை ஆராய 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவுதான் பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. புழுங்கல் அரிசி தின்கிறவர்களுக்கு அந்த நோய் ஏன் அவ்வளவாக வருவதில்லை என்றால், நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமினில் ஒரு பகுதி உள்ளே இறங்கிப் பருப்பில் தங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. சூடு சத்தைக் கொல்லும் என்பதை மட்டும் படித்தவர்களுக்கு, சூடு சத்தைக் காக்கவும் செய்யும் என்பது வியப்பாக இருக்கும். நம் ஊர் நெல் ஆலைகள் அதைச் செய்து காட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன.

எனவே எதை முதலில் செய்வது என்பது வகையைப் பொறுத்தது. கசப்புக் குட்டுக்கு முதலில் ஆவி, பிறகு அரைவை, அதற்குப் பிறகே நீர். சாதாரணக் குட்டுக்கு நான் நேர்மாறாகச் செய்கிறேன். தவிட்டோடு சேர்த்து அரைக்கும்போது பைட்டிக் அமிலமும் சேர்ந்தே வரும். அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு குடலில் விடாது. இரத்தசோகை உள்ள குழந்தைக்கு இது முக்கியம். அந்த அமிலத்தை உடைக்கும் நொதி தவசத்துக்குள்ளேயே இருக்கிறது. இளஞ்சூட்டு நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் வேலை செய்யும். முதலில் வறுத்துவிட்டால் அந்த நொதி செத்துப்போகும், பிறகு ஊறவைத்தும் அவ்வளவு பயன் இல்லை. ஆகவே ரொட்டிக்கு முதல் நாள் இரவே மாவில் தண்ணீரும் ஒரு கரண்டி புளித்த மோரும் விட்டு மூடிவைக்கிறேன். தோசைக்கு உளுந்தோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறேன். தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்த் துவையல், அதில் இருக்கும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். வறுத்த மணம் வேண்டும் என்று பேத்தி கேட்கும் நாளில், ஊறாத குட்டு அரிசியை இரும்பு வாணலியில் சிறு தீயில் ஏழெட்டு நிமிடம், பச்சை மங்கிப் பொன்னிறம் தொடும்வரை மட்டும் வறுத்துக் கஞ்சி வைக்கிறேன். வேகவைத்தால் தண்ணீரை வடித்துக் கொட்டுவதில்லை. ஜப்பானில் சோபா வெந்த நீரைத் தனியே கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறார்கள், நம் வடிகஞ்சி போல. கரைந்துபோன வைட்டமின் எல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. சிலருக்குக் குட்டு கடுமையான ஒவ்வாமையைத் தரும். ஜப்பானில் உணவுப் பொட்டலங்களில் இதைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முதல் முறை சாப்பிடுகிறவர்கள் ஒரு சிறு துண்டோடு நிறுத்திப் பாருங்கள். மில்லில் உமி தூற்றும்போது ஆஸ்துமா உள்ளவர்கள் நிற்கவே வேண்டாம்.

மில்லின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோவுக்குக் குறைவாக இருந்தால் குட்டு அரைக்க மாட்டார். கல்லைச் சரிசெய்யும் நேரம் அவருக்குக் கட்டுப்படியாகாது. தோல் நீக்கி அரைக்கக் கிலோவுக்கு 25 ரூபாய், சும்மா அரைக்க 10 ரூபாய். நியாயமான கூலிதான், ஆனால் எடை போடும் தராசு பழையது, வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு போவது நல்லது. உட்கார ஒரு பெஞ்சு, அதுவும் மாவு மூட்டைக்கே பெரும்பாலும் பயன்படும். மின்சாரப் பராமரிப்பு நாளில் மில் ஓடாது. செய்தித்தாளில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். சீலியாக் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், திங்கட்கிழமை முதல் ஈடு வேண்டும் என்று முந்தைய சனிக்கிழமையே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். இப்போது எங்களோடு சேர்த்து நான்கு குடும்பங்கள் அந்த ஈட்டைப் பகிர்ந்துகொள்கிறோம். வரிசை ஏழு மணிக்குத் தொடங்குகிறது.

சென்ற மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பேத்தியின் ஹீமோகுளோபின் ஏறியிருந்தது. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரைக்கும் கோதுமையை அறவே விலக்கியதற்கும் முதல் பங்கு அதில் உண்டு, ரொட்டிக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தட்டில் இரண்டு ரொட்டியை வைத்தால் மூன்றாவதைக் கேட்கிறாள்.

போகிறவர்கள் துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். இளஞ்சூடாக இருந்தாலும் மாவைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, புறங்கை வைத்தால் குளிர்ந்திருக்கும்வரை ஆறவிட்டு, பிறகு டப்பாவில் போட்டு மூடுங்கள்.